கழகம் காத்த அன்பர்

விளையாட்டுக் காண வருவோர் இரு திறத்தினர். ஆட்டத்தின் நயங்கண்டு மகிழ வருவோர் ஒரு திறத்தினர். எவ்வணி வென்றாலும் அவர்க்கு ஒன்றே. நல்லாட்டம் கண்ட நிறைவோடு வீடு திரும்புவர். ஓர் அணியைத் தம் சுற்றமாகவே கொண்டு வருவோர் மற்றொரு திறத்தினர். அவ்வணி வென்ற நாளில் அவர்க்குக் கூழும் இனிக்கும். தோற்ற நாளில் பாலும் கைக்கும். பந்தை உதைப்போர் பிறர். அதற்கு ஊதியம் பெறுவோரும் பிறர். மழையில் நனைந்தும் பனியில் நடுங்கியும் தொண்டை கம்மக் குரல் கொடுப்போர் மட்டும் இவர். ‘இஃதென்ன பித்து!’ என்று இவரைக் கண்டு நகைப்பாரும் உளர்.

இவ்வன்பு வெறும் பித்தோ, அன்றி வாழ்வில் பயன் விளைக்கும் ஒரு பண்போ என்னும் வினாவிற்கு, இங்கிலாந்து நாட்டுத் தலைநகராகிய இலண்டனின் தென்மேற்கே விம்பிள்டன் என்னும் பகுதியில் வாழும் மக்கள் 2002ஆம் ஆண்டில் தம் செயலாலேயே விடை கூறினர். விம்பிள்டன் என்றவுடன் டென்னிசுப் போட்டியே பலர் நினைவிற்கு வரும். 1877 முதல் அங்கு நடைபெற்று வரும் அப்போட்டியின் புகழ் உலகறிந்தது. அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை அறிந்தார் அத்துணைப் பலரல்லர். ஆயினும் அது யாவரும் அறியத் தக்கது.

கழகமும் ஊரும்

இங்கிலாந்தில் பழைய கால்பந்துக் கழகங்கள் பலவும் ஊதியம் கருதித் தொடங்கப் பெற்றவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் தொழிற்சாலைகள் பெருகின. சனிக்கிழமைப் பிற்பகல் தொழிலாளர்க்கு ஓய்வு நேரமாக வாய்த்தது. அவ்வோய்வு நேரத்தில் ஒருங்கு கூடி ஆடுதற்பொருட்டு அவர்கள் கழகம் அமைத்தனர். உல்விச்சு என்னுமிடத்துப் படைக்கலச் சாலைத் தொழிலாளர் 1886இல் அமைத்த கழகமே இன்று ஆர்சனல் என்று விளங்குகிறது. மான்செஸ்டர் நகரில் புகைவண்டித் தொழிலாளர் 1878இல் தொடங்கியதே பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. அதே ஆண்டில் லிவர்பூல் நகரில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்தோர் அமைத்த கழகம் எவர்ட்டன் எனப் பெயர் பெற்றது.

இத்தகைய கழகம் ஊரோடு ஒட்டி வளர்ந்தது. தந்தை தன் மகனைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு திடலுக்குச் செல்வான். அம்மகன் வளர்ந்து தன் மகனை அழைத்துச் செல்வான். நிற்கும் இடமும், நடந்து செல்லும் தெருவும், கூடிப் பாடும் பாட்டும் வழிவழி வந்த குடும்பச் சொத்தாயின. எனவே, ‘எங்கள் கழகம்’ என்று அவர் கூறும்பொழுது அச்சொல் வெற்றுரை ஆவதில்லை.

அந்நாட்டுக் கால்பந்தின் அமைப்பு முறையினையும் ஈண்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். கழகங்கள் யாவும் ஒரு நெடிய படிவரிசையில் நிறுத்தப் பெற்றுள்ளன. ஒவ்வொரு படியும் ஒரு பிரிவு ஆகும். ஆண்டின் இறுதியில் ஒரு பிரிவில் முதன்மை பெற்ற கழகங்கள் மேற்படிக்கு ஏறும். கடைப்பட்டவை கீழ்ப்படிக்கு இறங்கும். உச்சியிலுள்ள நான்கு பிரிவுகளே தொழில்முறை லீக் எனப்படுவன. அவற்றிற்குக் கீழே சிற்றூர்க் கழகங்கள் ஆடும் பிரிவுகள் பல உள. அடியிலுள்ள கழகமும் ஆண்டுதோறும் வென்று வரின் உச்சியை எட்டலாம் என்பதே இம்முறையின் சிறப்பாகும்.

ஏர்த் தெருவினர்

விம்பிள்டன் பொதுவெளி என்று ஒரு பரந்த புல்வெளி அவ்வூரில் உண்டு. ஊர்ப் பள்ளியொன்றின் பழைய மாணவர் 1889ஆம் ஆண்டில் ஒரு கழகம் அமைத்து அவ்வெளியில் பந்தாடத் தொடங்கினர். 1912இல் அக்கழகத்திற்குப் பிளௌ லேன் என்னும் தெருவில் தனித் திடல் வாய்த்தது. பிளௌ லேன் என்பதைத் தமிழிற் கூறின் ‘ஏர்த் தெரு’ எனலாம். ஊதியம் பெறாது ஆடுவோர்க்குரிய கோப்பையை 1963இல் விம்பிள்டன் வென்றது. அவ்விறுதி ஆட்டத்தில் அண்டை ஊராகிய சட்டனின் கழகத்தை நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் அது வீழ்த்தியது. எட்டி ரெனால்ட்சு என்னும் வீரர் அந்நான்கு கோல்களையும் தலையால் முட்டியே அடித்தார்.

1977இல் அக்கழகம் தொழில்முறை லீக்கின் நான்காம் பிரிவில் சேர்க்கப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், அது முதற்பிரிவை எட்டியது. அதன் திடல் சிறிது, செல்வமும் சிறிது. பெருங்கழகங்கள் அதனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

1988 மே 14ஆம் நாள் வெம்பிளித் திடலில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் நிகழ்ந்தது. அவ்வாண்டு லீக்கில் முதலிடம் பெற்ற லிவர்பூல் கழகத்தை விம்பிள்டன் எதிர்த்தது. 98,203 மக்கள் கண்ட அவ்வாட்டத்தில் லாரி சாஞ்செசு தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். பின்னர் லிவர்பூலுக்கு ஒரு தண்டனை உதை கிடைத்தது. ஜான் ஆல்டிரிட்ஜ் உதைத்த அப்பந்தைக் கோல் காவலரும் அணித் தலைவருமாகிய டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நிகழ்ந்த அக்கோப்பை இறுதியாட்டங்களில் தண்டனை உதையொன்று தடுக்கப்பட்டது அதுவே முதன்முறையாகும். ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் விம்பிள்டன் வென்றது. ஏர்த் தெருவினர் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை.

இழந்த திடல்

மறு ஆண்டே நாடு முழுவதும் துயரில் ஆழ்ந்தது. 1989 ஏப்ரல் 15ஆம் நாள் செபீல்டு நகரின் இல்சுபரோத் திடலில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் கழகத்தின் அன்பர்கள் சிக்கினர். அந்நெரிசலால் இறந்தோர் தொகை 97. அத்தீங்கிற்கு அன்பர்கள் காரணர் அல்லர் என்பது 2016ஆம் ஆண்டு நீதி விசாரணையின் முடிவால் உறுதிப்பட்டது. இக்கொடுமைக்குப் பின், மேற்பிரிவுக் கழகங்களின் திடல்களில் பார்வையாளர் யாவர்க்கும் இருக்கை அமைத்தல் வேண்டும் என்று விதி பிறந்தது.

அவ்விதிக்கு ஏற்பப் பழைய திடலைத் திருத்தியமைத்தல் அரிது எனக் கருதிய விம்பிள்டன் கழக நிருவாகத்தார், 1991இல் அதனை விட்டு நீங்கினர். தென் இலண்டனில் வேறொரு கழகத்திற்கு உரிய செல்கர்சுட்டுப் பார்க்குத் திடலில் கழகம் ஒட்டுக்குடியாகத் தங்கலாயிற்று. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று அன்பர்கள் நம்பினர். ஆனால், 1998இல் பழைய திடல் ஒரு வணிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கழகத்தின் உரிமையும் கைமாறியது. 2000ஆம் ஆண்டில் கழகம் உச்சிப் பிரிவிலிருந்து இறங்கியது. வருவாய் குன்றியது, இழப்பு மிகுந்தது.

2001 ஆகசுட்டில் கழக உரிமையாளர் ஒரு செய்தியை வெளியிட்டனர். மில்ட்டன் கீன்சு என்னும் நகருக்குக் கழகத்தைப் பெயர்த்துக்கொண்டு செல்லப் போவதாக அவர்கள் அறிவித்தனர். அந்நகர் விம்பிள்டனுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1967இல் அரசினரால் புதிதாகத் திட்டமிடப் பெற்றது. பெரிய நகராக வளர்ந்தும் தொழில்முறைக் கழகம் ஒன்றும் இல்லாதது. கழகங்கள் திடல் மாறுதல் புதிதன்று. ஆர்சனல் கழகமே 1913இல் உல்விச்சை விட்டு வட இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. எனினும் அஃது ஒரு மாநகருக்குள் நிகழ்ந்த மாற்றம். விம்பிள்டன் கழகத்தையோ அதன் ஊரினின்றும் முற்றிலும் பறித்து வேறோர் ஊரில் நட முனைந்தனர்.

அன்பர்கள் வாளா இருந்திலர். திடலில் பதாகை ஏந்தி நின்றனர், ஊர்வலம் சென்றனர், அதிகாரிகட்கு மடல் எழுதினர். லீக் நிருவாகம் முதலில் இசைவு தர மறுத்தது. வழக்கு வளர்ந்தது. இறுதியில் கால்பந்துச் சங்கம் மூவர் அடங்கிய ஆணையம் ஒன்றை அமைத்தது. 2002 மே 28ஆம் நாள் அவ்வாணையம் தீர்ப்பளித்தது. மூவருள் இருவர் இடமாற்றத்திற்கு இசைந்தனர்; ஒருவர் இசைந்திலர். இருவர் கருத்தே தீர்ப்பாயிற்று.

இசைந்தோர் கூறிய காரணமும் எளிதில் தள்ளத் தக்கதன்று. இழப்பில் மூழ்கும் கழகம் இருந்த இடத்திலேயே இருப்பின் அழிந்தொழியும். வேற்றூர் சென்றேனும் அது பிழைக்கட்டும் என்பது அவர் வாதம். ஊரில் மீண்டும் ஒரு கழகத்தை அடியிலிருந்து எழுப்புதல் கால்பந்தின் பொதுநலத்திற்கு உகந்ததன்று என்றும் அவர்கள் எழுதினர். அன்பர்கள் உள்ளத்தில் தைத்தது இக்கருத்தே. கழகத்தின் பெயரும், பதிவும், வீரரும், லீக்கில் அதற்குரிய இடமும் சட்டப்படி உரிமையாளர் கைப்பொருள் ஆகலாம். ஆயினும் ஊரை விட்ட பின்னும் அது விம்பிள்டன் கழகம் ஆகுமோ? அன்பரை இழந்தும் அது கழகம் ஆகுமோ? இவ்வினாக்கட்குத் தீர்ப்பில் விடை இல்லை.

பொதுவெளியில் பிறந்த புதுக் கழகம்

அன்பர்முன் மூன்று வழிகள் இருந்தன. பெயர்ந்து செல்லும் கழகத்தைப் பின்தொடர்ந்து செல்லலாம். பந்தாட்டத்தையே மறந்து வீட்டில் இருந்துவிடலாம். அன்றேல், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து தொடங்கலாம். தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், மே 30இல், ஊர்ப் பொதுமன்றத்தில் அவர்கள் கூடினர். பின்னர்ப் புதுக் கழகத்தின் முதல் தலைவராக அமைந்த கிரிஸ் ஸ்டூவர்ட் அக்கூட்டத்தில் எழுந்து, போராடிக் களைத்துவிட்டதாகவும், இனித் தாம் விரும்புவது பந்தாட்டம் காண்பது ஒன்றே என்றும் கூறினார். எளிய அச்சொற்கள் கூடியிருந்தோர் உள்ளத்தைத் தொட்டன. புதிய கழகம் காண்பது என்று முடிவு செய்யப்பட்டது.

கழகம் காண்பது என்றால் எளிதோ? வீரர் இல்லை, பயிற்றுநர் இல்லை, திடல் இல்லை, பந்து வாங்கவும் பொருள் தேட வேண்டிய நிலை. புதிய ஆட்டப் பருவம் தொடங்க மூன்று திங்களும் இல்லை. அன்பர்கள் தம்முள் பொருள் திரட்டினர். வீரர் வேண்டும் என்று விளம்பரம் செய்தனர். 2002 சூன் 29ஆம் நாள் விம்பிள்டன் பொதுவெளியில் வீரர் தேர்வு நடைபெற்றது. 230 பேர் ஆடிக் காட்ட வந்தனர். 1889இல் பள்ளி மாணவர் எப்புல்வெளியில் பந்தை உதைத்தனரோ, அப்புல்வெளியிலேயே 113 ஆண்டுகட்குப் பின் ஊரார் மீண்டும் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தனர். அதற்கு ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று பெயரிட்டனர்.

சூலை 10ஆம் நாள் அப்புத்தணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிர்த்து ஆடியது, 1963இல் கோப்பை இறுதியில் எதிர்நின்ற அதே சட்டன் கழகம். 4,657 மக்கள் திரண்டனர். நட்புமுறை ஆட்டம் ஒன்றற்கு, அதுவும் ஆறு கிழமைகட்கு முன்னர் இல்லாதிருந்த ஓர் அணியைக் காண, இத்துணைப் பேர் வருவர் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. புத்தணி நான்கு கோல்களுக்கு ஒன்றும் அடியாது தோற்றது. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் அன்பர்கள் அணியை வாழ்த்தி மகிழ்ந்தனர். தோல்வியிலும் அவர்கள் மகிழ்ந்தது ஏன்? இழந்துவிட்டதாக எண்ணிய ஒன்று தம் கண்முன் மீண்டும் ஓடியாடக் கண்டனர், அதுவே காரணம்.

புதுக் கழகம் படிவரிசையில் மிகத் தாழ்ந்த பிரிவொன்றில் சேர்க்கப்பட்டது. சில நாள் முன்வரை பெருந்திடல்களில் நாடறிந்த வீரரைக் கண்டு பழகியோர், இப்பொழுது சிற்றூர்களின் புல்தரைகளில், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று ஆட்டம் கண்டனர். கிங்சுமெடோ என்னும் அண்டைப் பகுதித் திடல் அவர்க்குப் புகலிடமாயிற்று. அன்பர்களே நுழைவுச் சீட்டு விற்றனர், அன்பர்களே திடல் காத்தனர், கணக்கெழுதுவோர் கணக்கெழுதினர், தச்சு வேலை தெரிந்தோர் பலகை தைத்தனர். முதலாண்டில் உள்ளூர் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் தொகை சராசரி 3,000ஐத் தாண்டியது. இரண்டாம் படியில் ஆடிவந்த பழைய கழகத்தின் ஆட்டங்களைக் காண வந்தோரினும் இத்தொகை மிகுதி. கழகம் எங்கே உள்ளது என்னும் வினாவிற்கு இவ்வெண்ணிக்கையே விடையாயிற்று.

கழகம் மீண்டும் ஒருவர் கைப்பொருளாகிப் பெயர்ந்துவிடலாகாது என்பதில் அவர்கள் கருத்தூன்றினர். எனவே ‘டான்சு டிரசுட்டு’ என்னும் அன்பர் சங்கத்தின் கையில் கழகத்தின் உரிமையை வைத்தனர். சங்கத்தில் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு. பெருஞ்செல்வர்க்கும் ஒன்றே, எளிய தொழிலாளிக்கும் ஒன்றே. தலைவரைத் தேர்வதும், பெருஞ்செலவுகட்கு இசைவு தருவதும் உறுப்பினர் கடமை. அன்பு பொறுப்பாக மாறிய இடம் இதுவே. கைதட்டுவதோடு நில்லாமல், கணக்குக் கேட்கவும் கற்றனர். உரிமை வேண்டியதோடு நில்லாமல், அதற்குரிய உழைப்பையும் ஏற்றனர்.

படிப்படியாக ஏற்றம்

2003 பிப்ரவரி முதல் 2004 திசம்பர் வரை அக்கழகம் தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. இங்கிலாந்தின் முதுநிலைக் கால்பந்தில் இதற்கு நிகரான சாதனை வேறில்லை. 2004, 2005, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அது படியேறியது. 2011 மே 21ஆம் நாள் மான்செஸ்டரில் லூட்டன் கழகத்தை எதிர்த்து அது ஆடியது. அவ்வாட்டத்தில் வெல்லும் கழகத்திற்குத் தொழில்முறை லீக்கில் இடம் உறுதி. இரு மணி நேரம் ஆடியும் இரு திறத்தாரும் கோல் அடித்திலர். தண்டனை உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. அணித் தலைவர் டேனி கெட்வெல் உதைத்த இறுதிப் பந்து வலைக்குள் பாய்ந்தது. நான்குக்கு மூன்று என்று விம்பிள்டன் வென்றது. பொதுவெளியில் வீரர் தேடிய நாளிலிருந்து ஒன்பது ஆட்டப் பருவங்களில் ஐந்து படிகள் ஏறி, பறிபோன இடத்தை அவர்கள் உழைப்பாலேயே பெற்றனர்.

பழைய கழகம் 2003 செப்டம்பரில் மில்ட்டன் கீன்சுக்குச் சென்றது. 2004இல் எம்.கே. டான்சு என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1988இல் வென்ற கோப்பையின் மறுபடிவமும் பிற நினைவுப் பொருள்களும் அதனிடமே இருந்தன. அன்பர் அமைப்புகள் அமைதியாக வாதாடின. அதன் பயனாக 2007இல் அப்பொருள்கள் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. விம்பிள்டனின் பழைய வரலாறு தனக்குரியதன்று என்பதையும் எம்.கே. டான்சு ஏற்றுக்கொண்டது. பறித்தோர் என்று கருதப்பட்டவரும் நேர்மையான பேச்சினால் இசைவுற்றமை நினைக்கத் தக்கது.

2012 திசம்பர் 2ஆம் நாள் கோப்பைப் போட்டியில் இரு கழகங்களும் முதன்முதலாக எதிர்நிற்க நேர்ந்தது. அவ்வாட்டத்தைக் காணச் செல்வது தகுமோ என்பது பற்றி விம்பிள்டன் அன்பரிடையே கருத்து வேற்றுமை மிகுந்தது. பழைய புண்ணை மறத்தல் இயலாது என்று செல்லாது நின்றோர் சிலர். தம் அணியைத் தனியே விடலாகாது என்று சென்றோர் பலர். ஆட்டத்தின் இறுதி நொடிகளில் எம்.கே. டான்சு இரண்டாம் கோல் அடித்து வென்றது. 2014இல் வேறொரு போட்டியில் விம்பிள்டன் அதனை மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. மில்ட்டன் கீன்சில் வளரும் சிறுவர்க்கும் தம் ஊர்க் கழகம் இனியதே. அவர்கள் எவரிடமும் எதனையும் பறித்தவர் அல்லர். அன்பின் வலிமையை அறிந்தோர் பிறர் அன்பையும் இகழார்.

இங்கே மற்றொன்றும் கூறுதல் வேண்டும். அணியின்பால் கொண்ட பற்று நெறி தவறின் பெருங்கேடு விளையும். 1985 மே 29ஆம் நாள் பெல்ஜியம் நாட்டுப் பிரசெல்சு நகரின் எய்செல் திடலில் ஆட்டம் தொடங்குமுன் இங்கிலாந்திலிருந்து சென்ற கூட்டத்தார் சிலர் எதிரணி அன்பர்மீது பாய்ந்தனர். அஞ்சி ஓடியோர் நெருக்குண்டனர், சுவர் இடிந்தது, 39 உயிர்கள் மாண்டன. அதன்பின் ஐந்தாண்டுகள் இங்கிலாந்துக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளில் கலவாதவாறு தடுக்கப்பட்டன. தன் அணிக்காகப் பிறரை வருத்துவோன் தன் அணிக்கே இழுக்குத் தேடுகிறான். விம்பிள்டன் அன்பர் சினம் கொள்ளக் காரணம் இருந்தது. ஆயினும் அச்சினத்தைக் கல்லெறிவதில் செலவிடாமல் கழகம் கட்டுவதில் செலவிட்டனர்.

ஏர்த் தெருவிற்கு மீட்சி

தொழில்முறை லீக்கில் இடம் பெற்ற பின்னும் அவர்க்கு ஒரு குறை எஞ்சியிருந்தது. கழகம் ஊர் திரும்பவில்லை. பழைய திடல் இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. அதற்குச் சிறிது தொலைவில், அதே ஏர்த் தெருவில், நாயோட்டப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. அவ்விடத்தில் புதுத் திடல் அமைக்க நகராட்சி 2015இல் இசைவளித்தது. கிங்சுமெடோத் திடலை விற்றுப் பொருள் கண்டனர். அஃது பின்னர்ச் செல்சி மகளிர் அணியின் திடலாயிற்று. விற்ற பொருளும் போதவில்லை. வேலை இடையில் நின்றுவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. செல்வர் எவரிடமேனும் உரிமையை விற்றுவிட்டால் பணம் வரும். ஆனால் கழகம் மீண்டும் கைநழுவும். 2020இல் அன்பர்கள் கழகத்திற்குக் கடன் கொடுக்க முன்வந்தனர். அவ்வாறு 50 இலட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பெரும்பான்மை உரிமை அன்பர் கையிலேயே நின்றது.

2020 நவம்பர் 3ஆம் நாள் புதுத் திடலில் முதல் ஆட்டம் நடந்தது. பழைய திடலை விட்டு நீங்கி 29 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்நாளை எண்ணி எண்ணிக் காத்திருந்த அன்பருள் ஒருவரேனும் உள்ளே செல்ல இயலவில்லை. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாதலின் பார்வையாளர் தடுக்கப்பட்டிருந்தனர். தாம் கட்டிய திடலில் தம் அணி ஆடுவதை அவர்கள் வீட்டிலிருந்தே கண்டனர். டான்காஸ்டர் கழகத்தோடு நிகழ்ந்த அவ்வாட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமமாக முடிந்தது. இத்துணைக் காலம் காத்தவர்க்கு இன்னும் சில திங்கள் காத்திருப்பது பெரிதாகத் தோன்றவில்லை.

அத்தொற்றுக் காலத்தில் அவர்கள் கைகட்டியும் இருந்திலர். வேலை இழந்து உணவின்றி வாடும் குடும்பங்கள் ஊரில் பெருகுவதைக் கண்ட அன்பர் சிலர் 2020 மார்ச்சு மாதத்தில் ஓர் உதவிக் குழு அமைத்தனர். கடை வாயில்களில் நின்று, பொருள் வாங்கி வருவோரிடம் உணவுப் பொருள்களைத் திரட்டி வீடுவீடாகக் கொண்டு சேர்த்தனர். வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய பிள்ளைகட்குப் பழைய கணிப்பொறிகளைச் செப்பம் செய்து வழங்கினர். அணியின்மேல் வைத்த அன்பு ஊரின்மேல் அன்பாய் விரிந்தது. கழகம் காக்கக் கூடிக் கற்ற பழக்கமே அயலாரைக் காக்கவும் அவர்க்குக் கைகொடுத்தது.

நிலைத்து நிற்பது

வெற்றி எவர்க்கும் நிலையானதன்று. விம்பிள்டன் 2016இல் மூன்றாம் படிக்கு ஏறியது. 2022இல் நான்காம் படிக்கு இறங்கியது. 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகித் திடலில் புகுந்தது. புல்தரையில் பெரும்பள்ளம் விழுந்தது. மீண்டும் அன்பர்கள் பொருள் திரட்டினர். பிற கழகங்களைச் சார்ந்தோரும் உதவினர். 2025 மே 26ஆம் நாள் வெம்பிளியில் வால்சால் கழகத்தை ஒன்றுக்குச் சுழி என்று வென்று அது மறுபடியும் மூன்றாம் படியை எட்டியது. இனியும் ஏறலாம், இனியும் இறங்கலாம். ஏறும்போது மட்டும் உடன் வருவோர் எந்நாட்டிலும் மிகுதி. இறங்கும்போதும் உடன் இருப்போரே அன்பர் என்னும் பெயர்க்கு உரியவர்.

வீரர் வருவர், போவர், பயிற்றுநர் மாறுவர், உரிமையாளர் விற்பர், திடலும் இடிபடும். இவை யாவும் போன பின்னும் கழகம் உயிரோடு இருந்தது என்பதனை விம்பிள்டன் மக்கள் காட்டினர். அவ்வுயிர், ‘எமது’ என்று கூறி அதற்காக உழைக்க முன்வந்த எளிய மாந்தரிடத்தே இருந்தது. பள்ளி, நூலகம், ஊர்க்குளம், மன்றம் என ஊருக்குப் பொதுவாகிய எப்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அவற்றைப் புகழ்ந்து பேசுவோர் பலராயினும், கெடும் நாளில் தோள் கொடுப்போர் சிலரேனும் இருத்தல் வேண்டும். அச்சிலர் உள்ள வரை அவை அழிவதில்லை.